புக்கில் இல்லாத மாத்திரை

போன வாரம் உங்களில் ஒருத்தி போன் செய்தாள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. "மேடம், லோ கார்ப் டயட் நல்லதா கெட்டதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க, வெளியே பேஷன்ட் காத்திருக்காங்க" என்றாள். ஒரே வார்த்தையில்தான் பதில் சொன்னேன். அதை இங்கே எழுத முடியாது.

போனை வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. வெளியே ஆள் காத்திருக்க, ஒரே வார்த்தையில் வேலையை முடித்தவள்தான் நானும். அதனால் என்ன ஆனது என்று அவளுக்கும், இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். பொறுமை இல்லாதவர்கள் இந்த வேலைக்கு வந்திருக்கவே கூடாது.

ஹைதராபாத் சனத்நகரில் கனமான இயந்திரங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் ஹெல்த் சென்டரில் இருபத்தாறு வருடம் டயட்டீஷியனாக இருந்தேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சோறு, ரொட்டி, இனிப்பைக் குறைத்தால் பல பேருக்குச் சர்க்கரை இறங்கும். இதில் மர்மம் ஒன்றும் இல்லை. நான் அந்த டயட்டுக்கு எதிரி இல்லை. ஆனால் டயட் நல்லதா என்று கேட்பதே தப்பான கேள்வி. எதிரில் உட்கார்ந்திருக்கிற இந்த ஆளுக்கு, இந்த வேலையோடு, இந்த மாத்திரைகளோடு, இந்த வீட்டில் நல்லதா என்று கேட்க வேண்டும். இதைக் காலேஜில் நானும் படித்தேன். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன். தேவராஜ் விஷயத்தில் கோட்டை விட்டேன்.

தேவராஜ் எங்கள் தொழிற்சாலையில் கிரேன் ஆபரேட்டர். ஷெட்டின் கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் ஓடும் பெரிய கிரேன். அதன் கேபினுக்குச் செங்குத்தான இரும்பு ஏணியில் ஏறிப் போக வேண்டும். அப்போது அவருக்கு ஐம்பத்தொரு வயது. அரக்கோணம் பக்கத்திலிருந்து ரயில்வே பட்டறை வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். பிறந்தது, வளர்ந்தது எல்லாம் ரயில்வே குவார்ட்டர்ஸில். பேச்சில் வட ஆற்காடும் ஹைதராபாத்தும் சண்டை போட்டுக்கொண்டே இருக்கும்.

ஒரு பிப்ரவரி காலையில் என் அறைக்கு வந்தார்.

"இன்னா மேடம், பிஸியா?"

"உக்காருங்க தேவராஜ். என்ன விஷயம்?"

"ஏப்ரல்ல ஃபிட்னஸ் டெஸ்ட் வருது. சுகர் ஏறிக் கெடக்குது. போன்ல ஒருத்தன் வீடியோ போட்டுருக்கான், சோறே துன்னாம நாப்பது நாள்ல எறக்கிட்டானாம். நானும் வுட்டுடட்டா?"

"எதை, கிரேனையா?"

"அய்ய, நக்கோ மேடம்! சோத்தைச் சொல்றேன். கிரேனை வுட்டா நான் செத்துடுவேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அது விளையாட்டு இல்லை. பத்தொன்பது வருடமாக அந்தக் கேபினில் உட்கார்ந்தவர். கீழே அதிகாரிகள் கூடத் தலையைத் தூக்கித்தான் அவரிடம் பேச வேண்டும். ஃபிட்னஸில் தவறினால் கீழே இறக்கி ஏதாவது மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள். அந்தப் பயத்தைச் சுமந்துகொண்டுதான் என்னிடம் வந்தார்.

இங்கே எங்கள் கம்பெனியின் மெடிக்கல் புக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தொழிலாளிக்கும் நீல அட்டை போட்ட ஒரு புக் உண்டு. எங்கள் டாக்டர் எழுதும் மாத்திரை எல்லாம் அதில் ஏறும். வருடாந்திர ஃபிட்னஸ் பார்க்கும் டாக்டரும் அதே புக்கைத்தான் திறப்பார். கிரேன் ஓட்டுகிறவரின் புக்கில் ஒரு சுகர் மாத்திரை இரண்டானால் கேள்வி வரும். அதனால் எங்கள் ஆட்கள் சளி, முதுகுவலியை எல்லாம் புக்கில் எழுதிக்கொள்வார்கள். நிஜமான வியாதியை மூசாப்பேட்டையில் ஏதாவது ஒரு கிளினிக்கில் கைக்காசு கொடுத்துப் பார்த்துக்கொள்வார்கள். கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி முதல் கேன்டீனில் சோறு போடுகிறவர் வரை எல்லோருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும்.

தெரிந்துகொண்டே அன்றைக்கு நான் அந்தப் புக்கைத் திறந்தேன். சாதாரணமான ஒரு சுகர் மாத்திரை எழுதியிருந்தது. கிட்னி டெஸ்ட் சரியாக இருந்தது. என்னுடைய சீட்டில் எழுத ஆரம்பித்தேன். எழுதிக்கொண்டே கேட்டேன்.

"வேற மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?"

"புக்குல இருக்கிறதுதான் மேடம்."

தலையை நிமிர்த்தி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வெளியே இன்னும் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சோறும் ரொட்டியும் வேண்டாம், முட்டை, கோழி, பனீர், காய்கறி, நிறையத் தண்ணீர் என்று எழுதி, டாக்டரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்ட டாக்டரும் அதே புக்கைத்தான் பார்த்தார். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. நல்ல வேலை செய்ததாக நினைத்துக்கொண்டேன்.

முதல் இரண்டு வாரம் பிரமாதமாகப் போனது. சுகர் இறங்கியது. பெல்ட்டில் ஒரு ஓட்டை உள்ளே போனது. கேன்டீனில் எல்லோரும் தட்டில் சோற்றை மலையாகக் குவிக்க, இவர் நான்கு அவித்த முட்டையோடு உட்கார்ந்து உபதேசம் செய்தார். இரானி டீயோடு தின்னும் உஸ்மானியா பிஸ்கட்டைக்கூட விட்டுவிட்டார். அதுதான் அவருக்குப் பெரிய தியாகம்.

அந்தச் சமயத்தில் ஒரு நாள் அவருடைய சிக்னல்மேன் யாதகிரி என்னைக் கேன்டீனில் பார்த்தான். கீழே நின்று கை ஜாடை காட்டிக் கிரேனை நடத்துகிறவன் அவன். முப்பத்தைந்து வயது, தெலுங்குக்காரன், வாய் கொஞ்சம் நீளம். அண்ணாவுக்குக் கிரேனிலேயே ஒரு பாத்ரூம் கட்டிக் கொடுங்கள் மேடம் என்றான். ஒரு ஷிஃப்டில் பத்து தடவை ஏணியில் இறங்கி ஏறுகிறாராம். கூட இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சோற்றை நிறுத்தினால் முதலில் உடம்பில் தேங்கியிருக்கும் தண்ணீர் வெளியே போகும். அது எனக்குத் தெரியும். அதனால் கையில் பதில் தயாராக இருந்தது. பதில் தயாராக இருந்ததால் கேள்வி கேட்கவில்லை. முதல் சில நாளில் அடங்க வேண்டியது ஏன் இரண்டு வாரம் ஆகியும் அடங்கவில்லை? கேட்டிருக்க வேண்டும். முட்டாள் மாதிரி சிரித்துவிட்டு டீ குடித்தேன்.

அதற்குப் பிறகு அவர் என்ன செய்தார் தெரியுமா? கிரேன் ஆபரேட்டர்கள் எல்லோரும் செய்வதைத்தான் செய்தார். இறங்கி ஏற முடியவில்லை என்று தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார். மார்ச் மாத வெயில். தகரக் கூரைக்கு அடியில் கேபின். சோறு இல்லை, தண்ணீரும் இல்லை.

மூன்றாவது வாரம், காலை பதினோரு மணி இருக்கும். யாதகிரியும் இன்னொருத்தனும் தேவராஜைத் தாங்கிக்கொண்டு ஹெல்த் சென்டருக்குள் வந்தார்கள். கேபினிலேயே வாந்தி எடுத்திருக்கிறார். நல்லவேளை, கொக்கியில் சுமை எதுவும் இல்லை. அப்போது எங்கள் டாக்டர் புதிது, வேலைக்கு வந்து நான்கு மாதம்தான். நல்ல பையன். விரலில் குத்திச் சுகர் பார்த்தார். நூற்று அறுபத்தெட்டு.

"சுகர் ஓகே மேடம். வெயில், வெறும் வயிறு, அசிடிட்டி. ஒரு இன்ஜெக்ஷன் போட்டுப் படுக்க வெச்சா சரியாயிடும்" என்றார்.

நான் வாசலில் நின்றிருந்தேன். உள்ளே போக எனக்கு உரிமை இல்லை, நான் டாக்டர் இல்லை. ஆனால் தேவராஜ் மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படுத்திருக்கிற மனுஷன் மாடி ஏறி வந்தவர் மாதிரி ஆழமாக, வேகமாக மூச்சு வாங்கினார். கிட்டே போய்க் குனிந்தேன். வாயில் அழுகின பழ வாசனை அடித்தது.

"தேவராஜ், என்ன செய்யுது?"

"கேஸ் மேடம். கேஸ்தான்."

"வேற ஏதோ மாத்திரை சாப்பிடறீங்க. என்ன மாத்திரை?"

"புக்குல..."

"புக்கைத் தூக்கி அடுப்புல போடுங்க. உங்க வாயால சொல்லுங்க."

அவர் டாக்டரைப் பார்த்தார். பிறகு என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார். ஐம்பத்தொரு வயது ஆள். ஒரு டன் இரும்பைப் பூ மாதிரி இறக்கி வைக்கிற கை. "டாக்டர்கிட்ட சொல்லாதீங்க மேடம். கிரேன் பூடும்" என்றார், என் காதுக்கு மட்டும். மாத்திரையின் பேர் அவருக்கே தெரியவில்லை. வெள்ளைப் பட்டையில் வருகிற மாத்திரை என்றார். அதற்கு மேல் பேச மூச்சு இல்லை.

அவர் வீட்டுக்குப் போன் போட்டேன். மகள் சுவாதி எடுத்தாள். காலேஜ் படிக்கிற பெண், பரீட்சை லீவில் வீட்டில் இருந்தாள். இங்கே வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் மாதிரிதான், தமிழ் எல்லாம் புரியும், பதில் தெலுங்கில் வரும்.

"சுவாதி, அப்பா தனியா வெச்சிருக்கிற மாத்திரை எங்க இருக்கு?"

"தெலீது ஆன்ட்டி."

"தேடும்மா. பீரோ, பை, ஷூ டப்பா, எல்லாத்தையும் பாரு. போனை வெக்காத."

கதவு திறக்கிற சத்தம், ஏதோ கீழே விழுகிற சத்தம் எல்லாம் கேட்டது. பிறகு, "ஆன்ட்டி! டாடி பாத்த ஹெல்மெட்லோ உந்தி!" பழைய ஹெல்மெட்டுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார். போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். வந்தது. பேரைப் படித்தேன்.

சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளி வெளியேற்றும் மாத்திரை. நல்ல மாத்திரைதான். ஆனால் அதைச் சாப்பிடுகிற ஆள் சோற்றையும் தண்ணீரையும் சேர்த்து நிறுத்தினால், உடம்பு கொழுப்பை எரித்து எரித்து ரத்தம் புளித்துப்போகலாம். சுகர் மட்டும் சாது மாதிரி நூற்று அறுபத்தெட்டில் உட்கார்ந்திருக்கும். மீட்டரைப் பார்க்கிறவர்கள் ஏமாந்துபோவார்கள். கவனிக்காமல் விட்டால் ஆள் போய்விடுவான்.

தேவராஜ் இன்னும் என் தலைப்பைப் பிடித்திருந்தார். அவரை நான் பார்த்தேன். சொன்னால் கிரேன் போகும். சொல்லாவிட்டால் என்ன போகும் என்று அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். யோசிக்க ஒன்றும் இல்லை என்று இப்போது எழுதுவது சுலபம். அந்த நிமிடத்தில் அந்தக் கையை விரல் விரலாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

"டாக்டர், இதைப் பாருங்க. இவர் இந்த மாத்திரை சாப்பிடறார். மூணு வாரமா சோறு இல்லை. நான்தான் நிறுத்தினேன்."

"ஆனா சுகர் நூத்தி அறுபத்தெட்டுதானே மேடம்?"

"அதான் எனக்குப் பயமா இருக்கு."

அந்தப் பையனை நான் இன்றைக்கும் மெச்சுவேன். கோபித்துக்கொள்ளவில்லை, நீங்கள் யார் சொல்ல என்று கேட்கவில்லை. போட்டோவை ஒரு தடவை பார்த்தார், தேவராஜின் மார்பை ஒரு தடவை பார்த்தார். "ஆம்புலன்ஸ்" என்று கத்தினார். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிய கடிதத்தில் முதல் வரியே மாத்திரையின் பேரும் மூன்று வாரச் சோறில்லாக் கதையும்தான். அங்கே ரத்தம் எடுத்துப் பார்த்ததில் நாங்கள் பயந்தது சரியாக இருந்தது. நேராக ஐசியு.

சாயங்காலம் போனேன். தேவராஜின் மனைவி கமலா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"இருவத்தஞ்சு வருசமா நான் போட்ட சோத்துல வராத கேடு, நீங்க எழுதின சீட்டுல வந்துச்சே!"

பதில் சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. அவர் மறைத்தார், நான் கேட்டேன், புக்கில் இல்லை, டாக்டர் கையெழுத்துப் போட்டார். எல்லாம் உண்மை. இந்த மாதிரி உண்மைகளை வைத்துக்கொண்டு முழு வேலைக்காலத்தையும் ஓட்டிவிடலாம். நிறையப் பேர் ஓட்டுகிறார்கள்.

"ஆமா கமலா. தப்பு நடந்துபோச்சு. நான் இன்னும் கேட்டிருக்கணும்" என்றேன்.

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். தயிர்சாதம். மூடியில் பாதியை வைத்து என் பக்கம் தள்ளினார். "காலைலேர்ந்து நீங்களும் ஒண்ணும் துன்னுருக்க மாட்டீங்க. சாப்டுங்க அக்கா." இரண்டு பேரும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து சோறு தின்றோம். அதைவிட நல்ல சாப்பாடு நான் யாருக்கும் எழுதிக் கொடுத்ததில்லை.

ஐந்தாம் நாள் தேவராஜ் வீட்டுக்கு வந்தார். அவர் பயந்தபடியே நடந்தது. ஃபிட்னஸ் கொடுக்கவில்லை. கிரேனிலிருந்து இறக்கி ஸ்டோரில் கிளவுஸ் கொடுக்கும் கவுன்ட்டரில் உட்கார வைத்தார்கள். புக்கை மட்டும் நம்பியது என் தப்பு என்று நான் மேலே எழுதிக் கொடுத்தேன். வைத்தியம் பார்க்கிற புக்கையும் ஃபிட்னஸ் பார்க்கிற புக்கையும் ஒன்றாக வைத்தால் எவனும் உண்மை பேச மாட்டான் என்றும் எழுதினேன். அந்தக் கடிதம் எந்த ஃபைலில் தூங்குகிறதோ. இன்றைக்கும் ஒரே புக்தான்.

தேவராஜ் என்னிடம் பேசவில்லை. ஒரு நாள் ஸ்டோருக்குப் போனேன்.

"இன்னா வேணும்? கிளவுசா?" என்றார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"ஆமா. ஒரு ஜோடி."

கொடுத்தார். அடுத்த வாரம் போனேன். இன்னொரு ஜோடி. அதற்கு அடுத்த வாரமும் போனேன். மூன்று ஜோடியும் இன்னும் என் வீட்டில் இருக்கிறது. நான்காவது தடவை அவரால் அடக்க முடியவில்லை.

"இன்னா மேடம், இதைப் போட்டுக்கினுதான் தோசை வாக்கிறீங்களா?"

"எறங்கின ஆளு எறங்கினபடியே உக்காந்திருந்தா நான் என்ன பண்றது? மறுபடி மேல ஏற வேணாமா?"

"ஏத்துவீங்களா?"

"சத்தியம் எல்லாம் பண்ண மாட்டேன். நாளைக்கு வாங்க. கமலாவையும் கூட்டிட்டு வாங்க."

மறுநாள் கதவைச் சாத்தினேன். பேனாவை மூடி மேஜையில் வைத்தேன். "இப்ப நீங்க சொல்றது எதையும் எழுத மாட்டேன். உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் டாக்டர்கிட்ட சொல்லுவேன். அதையும் முதல்ல உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்" என்றேன். அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் அவர் பேசினார். பிப்ரவரியில் நான் பத்து நிமிடத்தில் முடித்த வேலை அது.

என்னவெல்லாம் தெரிந்தது! முன்பு ஒரு தடவை பட்டினி கிடந்து மயங்கி விழுந்திருக்கிறார். நைட் ஷிஃப்டில் ஒரு கணக்கு, பகல் ஷிஃப்டில் ஒரு கணக்கு என்று சாப்பிடுகிறார். அவருக்குத் தனியாக முட்டை, கோழி, குடும்பத்துக்குத் தனியாகச் சமையல் என்று கமலா இரண்டு அடுப்பில் வெந்துகொண்டிருந்தார். நாற்பது நாளுக்குப் பிறகு என்ன செய்வதாக இருந்தீர்கள் என்று கேட்டேன். "ஃபிட்னஸ் முடிஞ்ச அன்னிக்கு பிரியாணி" என்றார். பார்த்தீர்களா? அவருக்கு டயட்டே தேவைப்படவில்லை. ஒரு தேதியைத் தாண்ட வேண்டும், அவ்வளவுதான். அந்த மாத்திரை இல்லாமல் இருந்திருந்தாலும் அந்த டயட் அவருக்கு இல்லை. இதையெல்லாம் நான் கேட்கவே இல்லை.

ஆஸ்பத்திரி டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருந்தார். அந்த வெள்ளைப் பட்டை நின்றது. நாங்கள் சோற்றை நிறுத்தவில்லை, அளவை மாற்றினோம். முதலில் பொரியல், பப்பு என்கிற பருப்புக் கடைசல், முட்டை. அதற்குப் பிறகு ஒரு கரண்டி சோறு. வீட்டில் எல்லோருக்கும் அதே சமையல். தண்ணீர் பாட்டில் கண்டிப்பாகக் கூடவே இருக்க வேண்டும், இறங்க வேண்டியிருந்தால் இறங்க வேண்டும். உஸ்மானியா பிஸ்கட்டுக்குத்தான் பெரிய சண்டை நடந்தது. கடைசியில் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று என்று முடிந்தது. இரண்டு தின்கிறார் என்று கமலா எனக்குத் தனியாக மெசேஜ் போடுவார்.

சுகர் மெதுவாகத்தான் இறங்கியது. வீடியோ போடுகிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. ஆனால் இறங்கியது, இறங்கினது அங்கேயே நின்றது. டாக்டர் திருப்தியானார். ஏழாவது மாதம் தேவராஜ் ஏணியில் ஏறினார். அன்றைக்கு நான் ஷெட் வாசலைத் தாண்டும்போது கிரேன் மணியை அடித்தார். நான் மேலே பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அழுதிருப்பேன், அந்த யாதகிரி ஊரெல்லாம் சொல்லியிருப்பான்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வாரம். மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தேன். கதவைத் தட்டாமல் தேவராஜ் உள்ளே வந்தார். யாதகிரியின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். யாதகிரி திருடன் மாதிரி தலையைக் குனிந்து நின்றான். அவன் கையில் ஒரு துணிப்பை இருந்தது, உள்ளே மாத்திரைப் பட்டைகள் சரசரத்தன.

"இவனுக்கும் சுகராம் மேடம். எங்கிட்ட ஆறு மாசமா சொல்லல. நேத்துலேர்ந்து சோறு துன்ன மாட்டேன்னு குந்திக்கினு இருக்கான். ஏன்டா, கைக்குடான்னு கேட்டா, வீடியோ பாத்தானாம்."

"யாதகிரி, மெடிக்கல் புக் எங்க?" என்றேன், பழக்க தோஷத்தில்.

தேவராஜ் என்னை ஒரு பார்வை பார்த்தார். திரும்பிப் போய்க் கதவைச் சாத்தினார். யாதகிரியை நாற்காலியில் அழுத்தி உட்கார வைத்தார். பையை வாங்கி மேஜைக்கு மேலே தலைகீழாகப் பிடித்தார், ஆனால் பையின் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"மொதல்ல பேனாவை மூடுங்க மேடம். அப்பாலதான் கொட்டுவேன்."

மூடினேன். கொட்டினார்.